சோறு போடுற பொம்பளை

"இப்ப என்ன சொன்னாரு?" என்று மகள் கேட்டாள்.

"நேத்து சொன்னதையேதான் சொன்னாரு" என்றாள் ரொட்டிக்காரம்மா.

"நேத்து என்ன சொன்னாரு?"

"அது தெரிஞ்சிருந்தா உன்னை எதுக்குடி லீவு போட்டுட்டு வரச் சொல்றேன்."

இருவரும் ரொட்டிக்கடைக்குப் பின்னால் இருந்த அறையின் வாசலில் நின்றார்கள். முன்பக்கம் கடை, நடுவில் விறகு அடுப்பும் மாவு மேசையும், பின்னால் இந்த ஒற்றை அறை. வீடு என்றால் அவ்வளவுதான். கட்டிலில் ரொட்டிக்காரர் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயது. முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. தலைக்குள் ரத்தக்குழாய் அடைத்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வலது கை மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும். கூப்பிட்ட பிறகு யோசித்து எழுந்து வருகிற ஆள் மாதிரி. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. பேசினார், நிறையவே பேசினார். பேசியதில் ஒரு சொல்கூட அந்த வீட்டுச் சொல் இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மாவு அடிக்கிற சத்தமும் தூசியும் அவர் தூக்கத்தைக் கெடுக்குமே என்று ரொட்டிக்காரம்மா கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளேயிருந்து அதே வாக்கியம் இன்னொரு தடவை வந்தது. தொண்டையில் உருண்டு மூக்கில் போய் முடிகிற ஒரு நீளச் சத்தம்.

"பாத்தியா" என்றாள். "வீட்டுக்கு வந்த பதினோரு நாளா இதே பாட்டு."

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள்தான் அவர் வாயைத் திறந்தார். அதுவரைக்கும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் கண்ணை மூடித் திறப்பார். அது வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று இவளுக்கும் நர்ஸுக்கும் தினமும் வழக்கு நடக்கும். அன்றைக்கு இவள் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றாள். பின்னால் யாரோ பேசினார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டே திரும்பினால், பேசுவது இவர். குரல் அவர் குரல், உதடும் அவர் உதடுதான். மற்றது எதுவும் அவருடையது இல்லை.

நர்ஸ் அதைப் பிதற்றல் என்றாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இது பிதற்றல் இல்லை, இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, சின்ன வயதில் இவருக்கு வேறு ஏதாவது மொழி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்று இவள் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. எட்டு வயதில் அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தவர், அதற்கப்புறம் ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை, எல்லாம் மறந்துபோய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மறக்கவில்லை என்றாள் டாக்டரம்மா. முதலில் கற்றது ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும், பிறகு கற்றது வேறு மாதிரிப் பின்னியிருக்கும். அடி விழுந்தது பிறகு வந்ததின்மேல். திரும்பி வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். நாம் பேசுவது புரியுமா என்று கேட்டதற்குப் படம் போட்ட அட்டைகளை எடுத்து நீட்டினாள். சாவியைக் காட்டச் சொன்னால் கரண்டியைக் காட்டினார். கரண்டியைக் கேட்டபோது சாவியைக் காட்டிச் சிரித்தார். புரிகிறது என்றும் சொல்லலாம், புரியவில்லை என்றும் சொல்லலாம் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டாள்.

"அப்ப அம்பது வருஷத்துக்கு மேல என்கிட்டப் பேசினதெல்லாம் எங்கம்மா போச்சு?" என்று இவள் கேட்டாள். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

இவள் கேட்டதில் ஞாயம் இருந்தது. அவர் இந்த வீட்டுப் பேச்சைக் கற்றதே இவளோடுதான். மலைப்பக்கம் பெருமழையில் சரிந்து ஒரு ஊரே காலியானபோது, மாவு ஏற்றப் போன இவளுடைய அப்பா லாரியில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பையனையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அவனுக்கு எட்டு வயது, இவளுக்கு நாலு. இரண்டும் கொல்லையில் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துப் பேசிப் பழகியது. இவளுக்கு வராத எழுத்து அவனுக்கும் வராமலே போனது. இவளுடைய அம்மா அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாளாம், கற்றுக்கொள்ளத்தான் கற்றுக்கொள்கிறாயே, நன்றாகப் பேசுகிற யாரிடமாவது கற்றுக்கொள்ளக் கூடாதா என்று. வளர்ந்து ஒருத்தரையொருத்தர் கல்யாணமே செய்துகொண்ட பிறகும் தனியாக இருக்கும்போது வா, போ என்றுதான். ஆள் எதிரில் மட்டும் வாங்க, போங்க.

அந்தப் பேச்செல்லாம் போய், இப்போது அவர் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வானொலியில் வேறு ஏதோ ஊர் ஸ்டேஷனைக் கேட்கிற மாதிரி.

மகள் பெரிய ஊரில் பள்ளிக்கூடத்து டீச்சர். சும்மா வரவில்லை, ஒரு ஏற்பாட்டோடு வந்திருந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இல்லம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். வீட்டு ஆட்கள் கூடத் தங்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். நேற்றுத்தான் ஒரு கட்டில் காலியாகி இருக்கிறது. சனிக்கிழமை காலை காருக்குச் சொல்லிவிட்டாள். இன்றைக்குப் புதன்.

"ஆறு மாசம் நான் இல்லாம இருப்பாரா?"

"அம்மா, நான் சொல்றேனேன்னு வருத்தப்படாத. அப்பாவுக்கு உன்னைத் தெரியல. யாரு கஞ்சி குடுத்தாலும் குடிக்கிறாரு. யாரு சிரிச்சாலும் சிரிக்கிறாரு."

"நான் உள்ள போனா கட்டில்ல ஒதுங்கி எடம் விடுறாரே."

"ஆஸ்பத்திரியில நர்ஸுக்கும் விட்டாரு. நான் பாத்தேன்."

ரொட்டிக்காரம்மா யோசித்தாள். இவள் சொல்கிறதற்கெல்லாம் மகளிடம் ஒரு பதில் இருந்தது.  கடைசியில் இவள் சொன்னாள்: "என்னைத் தெரியுதுன்னா அனுப்ப மாட்டேன். தெரியலேன்னா எங்க இருந்தா என்ன, அங்கயே இருந்து பேச்சக் கத்துக்கட்டும். அது தெரியணும் முதல்ல."

"எப்படித் தெரிஞ்சுக்குவ?"



மாவு மேசையில் நின்றிருந்த 'ரேடியோ' இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் பிசைந்தான். அம்பது வயது ஆள். இருபது வருடமாக இந்த மேசையில் மாவு பிசைகிறான், பிசைகிற நேரம் முழுக்கப் பேசுவான், அதனால் அந்தப் பெயர். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறதே, அதில் பத்து ஊர் ஆட்கள் வேலை செய்கிறார்களே, அவர்களில் ஒருத்தருக்காவது மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்திருக்காதா என்று சொன்னவன் அவன்தான். சொல்லிவிட்டு, தன் மாமனாருக்கு ஒரு தடவை காது அடைத்துக்கொண்ட கதையை ஆரம்பித்தான். அதைக் கேட்க ரொட்டிக்காரம்மா நிற்கவில்லை.

அவளிடம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். பதினோரு நாளாகக் கேட்டுக் கேட்டு, அர்த்தம் தெரியாமலே அது மனப்பாடம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை காலை முதல் அடுப்பு ரொட்டி இறக்கியதும் தெருவைத் தாண்டிப் போனாள். சிமெண்ட் மூட்டை சுமக்கிறவனிடம் சொன்னாள். அவன் சிரித்துவிட்டுப் போனான். கம்பி கட்டுகிறவன் பாட்டா என்று கேட்டான். தச்சன் இது எண்ணெய்ப் பெயரா என்றான். சின்னப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்று சொல்லிச் சொல்லி, அது சரியாகத்தான் வருகிறதா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. மாடியில் ஒரு பெண் முழங்காலில் பழைய டயர்த் துண்டைக் கட்டிக்கொண்டு தரையில் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, அடுத்ததை வைப்பாள். நாற்பது வயது இருக்கும். வாக்கியத்தைக் கேட்டதும் சுத்தியல் நின்றது.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னாள்.

"இதை உனக்கு யார் சொன்னான்?"

"என் வீட்டுக்காரரு. என்ன அர்த்தம்?"

"கதவைச் சாத்தாதே."

 அடுக்கி வைத்திருந்த டைல்ஸ்மேல் உட்காரப் போன ரொட்டிக்காரம்மாவை டைல்ஸ்காரி தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அதிலே உக்காராதே, உடையும். இங்கே உக்காரு."

பதினோரு நாள். பதினோரு மதியம். அவர் சொல்லச் சொல்ல, இவள் சாத்தச் சாத்த.

டைல்ஸ்காரியின் பேச்சு அப்படித்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்தில் பிறந்து, வேலைக்காக இங்கே வந்து, பன்னிரண்டு வருடமாகக் கட்டடம் கட்டடமாகப் போய் கற்ற பேச்சு. மேஸ்திரிகள் அவளிடம் சொன்னதுதான் அவளுக்குத் தெரிந்தது. கொண்டா, வை, எடு, தள்ளு, நேரா இல்லை, பிரிச்சுப் போடு. வாங்க, உட்காருங்க என்று எந்த மேஸ்திரியும் அவளிடம் சொன்னதில்லை. அதனால் எஞ்ஜினீயரையும் நீ என்றுதான் கூப்பிடுவாள். ஒரு தடவை அவர் கோபித்துக்கொண்டு, மேஸ்திரி நடுவில் புகுந்து சமாதானம் செய்ய வேண்டியதாகிவிட்டது.

அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் வருவதாகச் சொன்னாள். கூலி வேண்டாம், சூடாக ஒரு ரொட்டி கொடு, போதும்.

அவள் வந்தபோது ரொட்டிக்காரர் அடுப்பு வாயில் நின்றிருந்தார். கை மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் அவராகவே அடுப்புக்கு வந்துவிடுவார். ஒரு சிட்டிகை மாவை எடுத்து அடுப்பின் தளத்தில் வீசினார். உதடு முணுமுணுத்தது. மாவு பொன் நிறமாகி, பழுப்பாகி, கருகும் முன்பே தட்டை உள்ளே தள்ளினார். நாற்பது வருடமாக ரொட்டிக்காரம்மா பார்க்கிற காட்சி. அந்த முணுமுணுப்பை ஏதோ ஒரு வேண்டுதல் என்று நினைத்து, அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது என்று ரேடியோவைக்கூட அடக்கி வைத்திருந்தாள்.

"எண்ணுறான்" என்றாள் டைல்ஸ்காரி.

"என்னது?"

"ஒண்ணு, ரெண்டு. பத்து வரைக்கும். மறுபடி ஒண்ணு. ரெண்டாவது பத்து முடியுறதுக்குள்ளே மாவு கருகினா அடுப்பு சூடு ஜாஸ்தி. எங்க ஊர்லே அடுப்புக்கு இப்படித்தான் எண்ணுவான்."

ரொட்டிக்காரம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வேறு என்னவோ வந்தது. மறந்துபோனது, மறந்துபோனது என்று அவர் சொன்ன பேச்சு, ஒரு நாளைக்கு நாலு தடவை, இவள் பக்கத்தில் நின்றே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு வயதுக்கு மேல் எத்தனையோ புதிதாகக் கற்றுக்கொண்டவர், எண்ணுவதற்கு மட்டும் அங்கேயே போய்ப் போய் வந்திருக்கிறார்.

டைல்ஸ்காரி அவர் எதிரில் போய் நின்று ஏதோ சொன்னாள். ரொட்டிக்காரரின் முகம் போன போக்கை அதற்குமுன் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வாய் திறந்தது, பேச்சு கொட்டியது. கையை ஆட்டி, குனிந்து, எதையோ குட்டையாகக் காட்டி, எதையோ தூரமாகக் காட்டிப் பேசினார். டைல்ஸ்காரி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்ன சொல்றாரு?" என்றாள் மகள்.

"என்னை அக்கான்னு கூப்பிடுறான். சின்னப் பையன் மாதிரிப் பேசுறான். மழை விட்டுச்சான்னு கேக்குறான். ஆடு கெடைச்சுதான்னு கேக்குறான். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிட்டேன். வேறே என்ன சொல்றது."

ரேடியோ கையில் மாவோடு முன்னால் வந்து, தன்னை யாரென்று கேட்கச் சொன்னான். கேட்டாள். ரொட்டிக்காரர் யோசிக்கவே இல்லை.

"சத்தம் போடுறவன்னு சொல்றான்."

"பாத்தீங்களாக்கா" என்று ரேடியோ சந்தோஷப்பட்டுப் போனான். "என்னை நல்லாத் தெரிஞ்சிருக்கு."

மகள் தன்னைக் கேட்கச் சொன்னாள். டவுன் பொண்ணு என்று பதில் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பால் பார்த்தாள். ரொட்டிக்காரம்மா எதுவும் கேட்காமல் நின்றாள். டைல்ஸ்காரியே இவளைச் சுட்டிக்காட்டி அவரிடம் கேட்டுவிட்டாள். அவர் திரும்பி இவளைப் பார்த்தார். சிரித்தார். ஒரே ஒரு சொல் சொன்னார்.

டைல்ஸ்காரி பிடரியைச் சொறிந்தாள். "இதை எப்படிச் சொல்றது. சோறு போடுற பொம்பளை."

 அடுப்பில் ரொட்டி வெந்து முடிந்த வாசனை வந்தது. இறக்க வேண்டும் என்று நால்வருக்கும் தெரியும். ரொட்டிக்காரர்தான் போய் இறக்கினார்.

டைல்ஸ்காரி சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போன பிறகு, மகள் மெதுவாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டுகிற தொனியில் இல்லை. "தெரிஞ்சுபோச்சுல்லம்மா."

"ஆமா" என்றாள் ரொட்டிக்காரம்மா. "சனிக்கிழமை கூட்டிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை அவளுக்கு எதுவும் ஓடவில்லை. ஈஸ்ட் போட்டோமா இல்லையா என்று மறந்து இரண்டாம் தடவை போட்டாள். மாவு பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி வழிந்தது. அதைப் பார்த்து ரேடியோ, அக்கா இன்னைக்கு மாவுக்கே கோபம் என்றான். அவள் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவருடைய சட்டைகளை எடுத்து மடித்தாள். ஒரு பொத்தான் ஆடியது. அதைத் தைக்கும்போது, நாற்பது வருடம் என்பது எத்தனை வேளைச் சோறு என்று மனதில் ஒரு கணக்கு ஓடியது. சரிதான், சோறு போட்டிருக்கிறோம்தான், பொய்யா சொன்னார் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அது ஒட்டவில்லை.

பொத்தானைத் தைத்து நூலைக் கடித்தபோதுதான் அம்மா சொன்ன ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. வந்த புதிதில் அந்தப் பையன் அம்மாவை ஏதோ ஒரு சொல்லால் கூப்பிடுவானாம். அம்மாவுக்கு அது புரியவில்லை. கூப்பிட்டால் சாப்பாட்டுக்குத்தான் என்று மட்டும் தெரியும். ஒரு மாதத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, எல்லாரும் கூப்பிடுவதைப் பார்த்து அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அந்தச் சொல்தான் இது என்றால் அவர் பார்ப்பது என்னையா, எங்கள் அம்மாவையா? இந்த வயதில் முகம் அம்மா மாதிரிதான் ஆகிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். குழப்பம் தீருவதற்குப் பதில் இன்னொரு முடிச்சு விழுந்தது. ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மாடியில் பாதித் தரை முடிந்திருந்தது. டைல்ஸ்காரி பதித்ததில் ஒன்றைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்து, பெயர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சிமெண்ட் பிடிக்காமல் வெத்தாக இருக்கிறது என்றாள். ரொட்டிக்காரம்மா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நேத்து அவரு சொன்னாரே ஒரு வார்த்தை. அதை உங்க ஊர்ல யாரைச் சொல்வாங்க?"

"சொன்னேனே. சோறு போடுற பொம்பளை."

"அது இருக்கட்டும். நீ யாரை அப்படிக் கூப்பிட்ட?"

டைல்ஸ்காரி சிமெண்ட் கரண்டியைக் கீழே வைத்தாள். இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருந்தது. சொற்களைத் தேடித்தேடித்தான் சொன்னாள். "எங்க அம்மா செத்துப்போச்சு. அப்பாவோட தங்கச்சி வீட்டிலே இருந்தேன். அவளைக் கூப்பிட்டேன். அம்மா இல்லே. ஆனா அவ வீட்டிலே நாம இருக்கோம். அவ அடிப்பா, சோறு போடுவா, காய்ச்சல்னா பக்கத்திலே படுப்பா. அவளைக் கூப்பிடுற வார்த்தை. உங்க பேச்சிலே அதுக்கு என்னன்னு மேஸ்திரி எனக்குச் சொல்லலே."

"கூலிக்கு சோறு போடுறவளைச் சொல்ல மாட்டீங்களா?"

"ச்சே. அவளை எதுக்கு அப்படிக் கூப்பிடணும்."

ரொட்டிக்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்டாட்டிக்கு உங்க ஊர்ல என்ன வார்த்தை?"

டைல்ஸ்காரி சொன்னாள். இரண்டு துண்டாக வந்தது அந்தச் சொல். முதல் துண்டில் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு விடுபட்டது. இரண்டாவது மூக்கில் போய்க் கரைந்தது.

"அப்ப ஏன் அவரு அதைச் சொல்லல?"

"எப்படிச் சொல்வான்? அது பெரிய ஆம்பளை சொல்றது. சின்னப் பையன் சொன்னா வாயிலேயே அடி விழும். நான் பாத்திருக்கேன், எங்க அண்ணன் விளையாட்டுக்குச் சொல்லி அடி வாங்கினான். உன் ஆள் எட்டு வயசிலே ஊரை விட்டுட்டான். அந்தப் பேச்சிலே அவனுக்குப் பொண்டாட்டியே கெடையாது. காதிலே கேட்டிருப்பான். வாயிலே வந்திருக்காது."

"அப்ப அவருக்கு என்னைத் தெரியுது, வார்த்தைதான் இல்லைங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லலே."

"தெரியலைங்கிறியா?"

"அதையும் சொல்லலே. டைல்ஸ்னா தட்டிப் பாத்துச் சொல்லிடுவேன். மனுஷன் தலையை நான் எப்படித் தட்டுறது. நீ போ, சிமெண்ட் காயுது."

அந்தச் சொல்லை நாலு தடவை சொல்ல வைத்துத்தான் அவள் அனுப்பினாள். நாலு தடவையும் இரண்டாவது துண்டு கோணிக்கொண்டுதான் போனது. அதை வாயில் வைத்துக்கொண்டு ரொட்டிக்காரம்மா படி இறங்கினாள். வழியில் யாரோ என்னம்மா சௌக்கியமா என்று கேட்டார்கள். பதில் சொல்லப் போனால் கொட்டிவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மகளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? நேற்றைக்கு அவருக்குத் தெரியவில்லை என்பது நிச்சயமாக இருந்தது. இன்றைக்கு அந்த நிச்சயமும் இல்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கார் வந்துவிட்டது. டிரைவர் கடை ஓரமாக நின்று பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாவு மேசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் ரொட்டிக்காரர் புதுச் செருப்போடு உட்கார்ந்து, செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பை தயாராக இருந்தது. மகள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைச் சரிபார்த்தாள்.

ரொட்டிக்காரம்மா ரொட்டிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். கையில் மாவு. துடைக்கத் தோன்றவில்லை.

"அம்மா, நேரமாகுது."

"இருடி."

தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, அந்தச் சொல்லைச் சொன்னாள்.

அவர் காது சிவந்தது. சட்டென்று வாசலைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், யாராவது கேட்டுவிட்டார்களா என்கிற மாதிரி. இடது கையால் வாயை மூடிக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. பெரியவர்கள் முன்னால் கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட பையனைப் பார்த்து இன்னொரு பையன் சிரிக்கிற சிரிப்பு. ரேடியோ பிசைவதை நிறுத்திவிட்டான். 

அவள் மறுபடி சொன்னாள்.

அவர் கையை எடுத்தார். தலையை ஆட்டினார். இல்லை, அப்படி இல்லை. இரண்டாவது துண்டைத் தனியாகச் சொல்லிக் காட்டினார், மூக்கைத் தொட்டு. அவள் சொன்னாள். இல்லை என்றார். இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் இல்லை. நாலாவது தடவை புருவம் உயர்ந்து, சரி என்று தலை அசைந்தது.

அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. அவள் கையைப் பார்த்தார். மாவு அப்பிய முன்முடியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம், அவசரமே இல்லாமல். பிறகு அவராக அந்தச் சொல்லைச் சொன்னார். திருத்துவதற்காக அல்ல. தாழ்ந்த குரலில், வாயில் வைத்துப் பார்க்கிற மாதிரி. அது கேள்வியா, பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கும்போது அவர்கள் பேச்சு மேலே போகுமா கீழே இறங்குமா, அதுவே அவளுக்குத் தெரியாதே.

வலது கை மெல்லப் புறப்பட்டு மேலே வந்தது. விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அவளைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"என்னம்மா கேக்குறாரு?" என்றாள் மகள்.

என்ன கேட்கிறார் என்பது ரொட்டிக்காரம்மாவுக்குப் புரிந்தது. மூன்று வாரத்தில் இந்த ஒன்றுதான் யாரும் எடுத்துச் சொல்லாமல் அவளுக்குப் புரிந்தது. நீ அதுவென்றால், நான் யார்? ஆனால் அதற்கான சொல் அவளிடம் இல்லை. நேற்று அவள் கேட்டு வாங்கி வந்தது தனக்கு ஒன்று மட்டும்தான். அவருக்கு ஒன்று வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

"இரு" என்றாள் அவரிடம், ஆட்கள் எதிரிலேயே. "கேட்டுட்டு வரேன்."

"அம்மா, வண்டி நிக்குது. அப்பாவுக்கு உன்னைத் தெரியுதா இல்லையா, அதையாவது சொல்லிட்டுப் போ."

"எனக்குத் தெரியலடி" என்றாள் ரொட்டிக்காரம்மா எழுந்துகொண்டே. "வண்டியத் திருப்பி அனுப்பிடு."

மாவுக் கையோடு தெருவில் இறங்கினாள். எதிர் மாடியில் சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டது. ரெண்டாவதை வாங்கப் போய் முதலாவது நழுவிவிடக் கூடாது என்று, கையில் இருந்த அந்த ஒரு சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டே, வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் தெருவைத் தாண்டினாள்.